முனியாண்டி வளைவில் வழுக்கிய கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. ஆனால் இரண்டு வருடங்களாக, வாரத்தில் நான்கைந்து நாட்கள், மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும் கார்களை வளைவுகளில் வழுக்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறரைக்கு மேல் டிவி என் மாமியாருடையது. அவருடைய சீரியல் தொடங்கிவிடும்.

கேம் பெட்டி என் தம்பியுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது, "அக்கா, தூசி மட்டும் படாமப் பாத்துக்க" என்று தான் உடுத்திப் பழசான ஒரு சாரத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று மாதம் தூசி படாமல்தான் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விடவேயில்லை. பெட்டியை டிவியில் மாட்டினேன். உள்ளே ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது.

பந்தயத்தில் நான் எப்போதும் கடைசிதான். சில நாட்களில் கடைசியாகக்கூட வந்து சேரமாட்டேன். பாதி வழியில் கார் ஏதாவது பள்ளத்தில் கிடக்கும். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் உறைந்து நின்றுவிடுகிறது, கையில் ஒரு கேமரா கிடைக்கிறது என்பதை ஒரு நாள் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். கார் அப்படியே நிற்கும். அதைச் சுற்றி வரலாம், ரோட்டோடு ரோட்டாகப் படுத்துப் பார்க்கலாம், ஷட்டர் வேகத்தைக் குறைக்கலாம், சக்கரம் சுழல்வதுபோலக் கலங்கலாக்கலாம். அதோடு பந்தயத்தை விட்டுவிட்டேன்.

நான் வேலை செய்வது பதுளையில் ஒரு ஸ்டூடியோவில். கல்யாண ஆல்பங்களைத் திருத்துவது என் வேலை. மாப்பிள்ளையின் பரு, பெண்ணின் வியர்வை, பின்னால் கொட்டாவி விடும் சித்தப்பா எல்லாவற்றையும் அழிப்பேன். வீட்டுக்கு வந்தால் வேலை தலைகீழ். விளையாட்டுக் கார்கள் இப்போதுதான் கழுவித் துடைத்ததுபோல மினுங்கும். அவற்றின் மேல் சேற்றைப் பூசி, படத்தைக் கொஞ்சம் சாய்த்து, பம்பரில் ஒரு துண்டை ஓரத்தில் வெட்டுப்பட விட்டால்தான் யாரோ ரோட்டோரத்தில் நின்று அவசரமாக எடுத்த படம்போல இருக்கும்.

ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. அதைச் சொன்னவர் என் கணவர். அவர் பதுளை–பசறை ரோட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறார். ஒரு நாள் தேநீர்க் கோப்பையோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பொம்மைக் கார்" என்றார்.

"எதை வச்சு சொல்றீங்க?"

"பாரம் எங்க? வளைவுல வண்டி திரும்பும்போது வெளிப்பக்கம் அமுங்கணும். உன் கார் மேசையில வச்ச மாதிரி நிக்குது. அந்த டிரைவரப் பாரு, நேரா முன்னால பாக்குறான். வழுக்குற வண்டியில எவனாச்சும் முன்னால பாப்பானா? வண்டி எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கந்தான் பாப்பான்."

அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகும்போது அவருடைய பஸ்ஸிலேயே அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் படிக்க ஆரம்பித்தேன். முன்னால் போகிற லொறி எந்த நொடியில் சாய்கிறது, எப்போது நிமிர்கிறது என்று பார்ப்பேன். மழையில் டயர் புகையாது, தண்ணீரைத்தான் வாரி இறைக்கும். அதுவும் சக்கரத்துக்கு நேர் பின்னால் அல்ல, வளைவின் வெளிப்பக்கமாக. கண்டக்டர் என்னிடம், "என்ன அக்கா, லைசன்ஸ் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் பதுளை வரைக்கும் விளக்க வேண்டியிருக்கும்.

காரை வழுக்கவிடுவது சுலபமில்லை. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, ஹேண்ட்பிரேக்கைத் தட்டி, பின்பக்கம் வெளியே ஓடும்போது முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கெட்டிக்காரர்கள் அப்படியே வளைவு முழுக்கப் போய்விடுவார்கள். நான் பாதிக்குமேல் போனதில்லை. கார் மோதுவதற்கு அரை நொடி முன்னால் பொத்தானை அழுத்திவிடுவேன். என் படங்களில் கார்கள் அவ்வளவு ஒய்யாரமாக வளைந்து நிற்கும். அவற்றில் ஒன்றுகூட அந்த வளைவைத் தாண்டவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படி எடுத்ததுதான் அந்த வெள்ளைக் கார். பழைய ஜப்பான் கார், மலைப்பாதை, தூறல், மேலே சரிவில் பச்சைப் புதர்கள், பின்சக்கரத்திலிருந்து விசிறிபோல எழுந்த தண்ணீர். வெளிப்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. டிரைவரின் தலையும் சரியான பக்கம் திரும்பியிருந்தது. நம்பர் பிளேட் கலங்கலாக இருந்தது. என் கணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வண்டி" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தேன். வழக்கமாகப் படத்தை முகநூலில் போடும்போது கீழே 'கேம்' என்று எழுதுவேன். அன்று எழுதவில்லை. 'மழையில் ஒரு வளைவு' என்று மட்டும் எழுதினேன். யாராவது ஏமாறுவார்களா என்று பார்க்கும் ஆசைதான், வேறொன்றுமில்லை.

பதுளை மாவட்டமே ஏமாந்தது. ஊர்ச் செய்தி போடும் ஒரு பக்கம் படத்தை எடுத்து, 'பசறை வீதியில் உயிரோடு விளையாடும் வாலிபர்கள்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள், அது நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள முனியாண்டி கோயில் வளைவுதான் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கோயில் எங்கே என்று இன்னொருவர் கேட்டதற்கு, 'மழையில் மறைந்திருக்கிறது' என்று பதில் வந்தது. தெமோதரைக்காரர் ஒருவர், அந்தக் கார் தன்னை இடிக்க வந்ததாகவும் தான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் பாய்ந்து உயிர் தப்பியதாகவும் எழுதினார். அவருக்கு நலம் விசாரித்து நாற்பது பேர் எழுதியிருந்தார்கள்.

நான் உடனே, 'இது விளையாட்டு' என்று கீழே எழுதினேன். 'உங்களுக்கு இது விளையாட்டா?' என்று என்னைத் திட்டினார்கள்.

மறுநாள் பஸ்ஸிலும் அதே பேச்சு. மரக்கறி மூட்டையோடு ஏறிய ஒருவர் தான் அந்தக் காரை நேரில் பார்த்ததாகவே சொன்னார். என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. அதே மாதிரி பழைய வெள்ளைக் கார் பசறையில் ஒருவரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியார். ஐம்பது வயது, ஒல்லியான ஆள். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பஸ் நேரத்துக்குப் போய்ச்சேராது என்று டிரைவர்கள் எல்லோரும் புலம்புவார்கள். அந்த மனிதரைத்தான் போலீஸ்காரர்கள் இரண்டு இடத்தில் மறித்து விசாரித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதிபரும் கூப்பிட்டுக் கேட்டாராம்.

இதையெல்லாம் கணவர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"நாளைக்கே போலீஸ்ல சொல்லிருவோங்க" என்றேன்.

"ஸ்டாண்டுல நிக்கிற சார்ஜன் நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். ஞாயித்துக்கிழம வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வாறேன். கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு."

சார்ஜன் வந்தார். சிங்களவர், ஆனால் பதுளையில் இருபது வருடம் இருந்ததில் தமிழ் எங்களைப்போலவே பேசுவார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மாமியார் தேநீர் கொடுத்தார். அவர் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஞாயிறு மட்டும்தான் பகலில் வீட்டில் இருப்பார். அவருக்கு இந்தக் கலவரம் எதுவும் தெரியாது.

நான் பெட்டியைப் போட்டேன். அதே கார், அதே மலைப்பாதை, அதே தூறல். "இங்க பாருங்க சார், இப்பிடித்தான்" என்று வளைவுக்குள் நுழைந்தேன். கார் நேராகப் போய் மரத்தில் மோதியது. மறுபடி போனேன். பள்ளத்தில் விழுந்தது. சார்ஜன் பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றத்தில் பொத்தானையும் நேரத்துக்கு அழுத்த முடியவில்லை. மூன்றாவது முறை கார் குப்புறக் கவிழ்ந்து சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன.

சார்ஜன் தேநீரை மெதுவாக உறிஞ்சினார். "தங்கச்சி, ஒங்களுக்கு ஓட்டத் தெரியல்லயே" என்றார். "அப்ப போட்டோவுல ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"சும்மா சொல்லாதீங்க. யாரையாவது காப்பாத்தப் பாக்குறீங்களா?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சார்ஜன் தன் போனில் இருந்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடுப்படிக்குப் போகத் திரும்பிய மாமியார் அதைக் குனிந்து பார்த்தார்.

"இது எந்தத் தோட்டம்?" என்றார்.

"ஒங்க தோட்டந்தான் அம்மா. கீழ, முனியாண்டி வளைவு."

மாமியாருக்கு வந்ததே கோபம். "எங்க தோட்டமா? இது தேயிலையே இல்லீங்க! பாருங்க, செடி ஒவ்வொண்ணும் பந்து மாதிரி உருண்டு நிக்குது. எங்க மலையில மட்டம் பாத்துத்தான் கொழுந்து எடுப்போம். பாய் விரிச்ச மாதிரி இருக்கும். கவ்வாத்து வெட்டுன மலையின்னாலும் வெறுங் குச்சியாத்தான் நிக்கும். இப்பிடி உருட்டி வெட்டினா கங்காணி வேலைய விட்டே நிப்பாட்டிருவாரு. அதோட செடிக்கு நடுவுல ஆளு போற பாதையே இல்லயே, கொழுந்த யாரு பறந்து போயா எடுப்பா?"

சார்ஜன் படத்தை விரலால் பெரிதாக்கினார். டிவியைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த காருக்குப் பின்னால் அதே உருண்டைப் புதர்கள். மறுபடி போனைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தொப்பி கீழே விழுந்தது.

"ஊருல இத்தன பேரு பாத்தாங்க" என்றார். "எல்லாரும் காரத்தான் பாத்திருக்காங்க."

நானும்தான். மாதக்கணக்கில் டயரையும் தண்ணீரையும் பார்த்தேன். தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், அந்தப் புதரை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சார்ஜன் மறுநாளே பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டார். செய்திப் பக்கத்திலும் ஒரு திருத்தம் போட்டார்கள். ஆனால் அதற்குக் கீழே, 'பெரிய இடத்துப் பிள்ளை போல, மூடி மறைக்கிறார்கள்' என்று வந்தது. கானுக்குள் பாய்ந்தவர் தன் கதையைக் கடைசிவரை மாற்றவேயில்லை.

வாத்தியாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பசறைக்குப் போய், பள்ளி விடும் நேரம் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவர் குடையும் கையுமாக வந்தார். நான் யார் என்று சொல்லி, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அழாதேங்கோ பிள்ளை. எனக்கு இந்த ரோட்டில ரெண்டாம் கியருக்கு மேல போடவே பயமாக் கிடக்கு. என்னைப் போய் மறிச்சுக் கேட்டவை. முதல்ல கோவம்தான் வந்தது."

"மன்னிச்சிருங்க சார்."

"பொறுங்கோ, மிச்சத்தையும் கேளுங்கோ." அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பத்தாம் வகுப்புப் பெடியள் எனக்கு ஒருநாளும் அடங்கினதில்லை. நான் கணக்குப் போட்டால் பின் வாங்கில இருந்து விசிலடிப்பினம். இந்தப் படம் வந்த நாள்தொட்டு வகுப்பு கப்சிப். நான் உள்ளுக்க போனால் எல்லாரும் எழும்பி நிக்கினம். ஒருத்தன் வந்து, 'சேர், பின் டயருக்குக் காத்து எவ்வளவு?' எண்டு மெல்லமாக் கேக்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முதல்ல திரிகோண கணிதத்தை முடி, பிறகு சொல்லுறன் எண்டனான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாணவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். போகிறபோது இரண்டு பேர் அவருக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார்கள். அவர் மிகவும் கடுமையான முகத்தோடு அதை ஏற்றுக்கொண்டார்.

"சார், போலீஸ்ல சொல்லிட்டாங்க. செய்திப் பக்கத்துலயும் திருத்தம் போட்டாச்சு. பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சுரும்" என்றேன்.

"அது தெரியும். ஆனா அவங்கள் நம்புறாங்களில்லை" என்றார். "நீங்கள் ஸ்டூடியோவில எண்டெல்லோ சொன்னீங்கள்? அந்தப் படத்தைப் பெரிசா ஒரு பிரிண்ட் போட்டுத் தர ஏலுமே? வீட்டில மாட்ட இல்லை. வகுப்பில, கரும்பலகைக்குப் பக்கத்தில."

ஏற்கெனவே ஒருமுறை எழுதாமல் விட்டுத்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் பயந்துகொண்டே சொன்னேன்.

"தாறேன் சார். ஆனா கீழ 'கேம்'னு எழுதித்தான் தருவேன்."

வாத்தியார் போய்க்கொண்டிருந்த மாணவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எழுதுங்கோ" என்றார். "உண்மையைத்தானே எழுத வேணும். ஆனா, பிள்ளை, சின்னதா எழுதுங்கோ."