அக்காவின் உடம்பில் சேர்ந்திருந்த இரும்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அந்தக் காலை நேரத்து அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லை.

மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் அக்கா பிறந்தார். அப்பா சுக்கு மூட்டை சுமந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னையும் தம்பியையும் அக்காதான் வளர்த்தார். திருமணத்துக்குப் பின் அத்தானுடன் சாப்பாட்டுக் கடை நடத்தி, ஒரே மகனைப் படிக்க வைத்தார். மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவார். சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

அறுபதைத் தாண்டியதும் நடை தளர்ந்தது. எழுந்திருக்கக் கை ஊன்றினார். விரல் மூட்டு வலியில் தோசைக் கரண்டி நழுவியது. "ரத்தம் கொறவா இருக்கும். முருங்கைக்கீரை தின்னா செரியாயிரும்" என்றார்கள் எல்லோரும். அக்காவும் இரும்பு டானிக் வாங்கிக் குடித்தார். முகம் கருத்ததை அடுப்புச் சூடு என்று நினைத்தோம்.

மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே எறணாகுளத்துக்கு அழைத்துப் போனோம்.

"இரும்புச்சத்து கொறவில்ல, ரொம்பக் கூடுதல்" என்றார் டாக்டர். "பல வருஷமா சேர்ந்து ஈரல்லயும் ஹார்ட்டுலயும் தங்கிட்டு."

"டானிக் குடிச்சதாலயா டாக்டரே?" என்று அத்தான் கேட்டார்.

"அது கொஞ்சம்தான். பிறவியிலயே இவங்க உடம்பு வேண்டியதுக்கு மேல இழுத்து வச்சுக்குது."

கட்டிலில் இருந்த அக்காதான் கேட்டார்: "பிறவியிலன்னா, என் கூடப்பொறந்ததுங்களுக்கும் வருமா?"

"வரலாம். மகனுக்கும் பாக்கணும்."

"மொதல்ல நீ சொகமாகுக்கா" என்றேன்.

"நீ கைய நீட்டு. இப்பவே ரத்தம் எடுக்கட்டும்."

மறுநாள் காலை சாயா குடித்துக்கொண்டிருந்தவர், தம்ளரை அத்தானிடம் கொடுத்துவிட்டு அப்படியே சாய்ந்தார். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். இதயம் திரும்பத் துடிக்கவில்லை.

காரியம் முடிவதற்குள் எங்கள் பரிசோதனை முடிவுகள் வந்தன. தம்பிக்கு ஒன்றுமில்லை. எனக்கு, அக்காவுக்கு இருந்த அதே கோளாறு. அவ்வப்போது ரத்தம் எடுத்து இரும்பைக் குறைக்கிறார்கள். என்னால் நன்றாக நடக்க முடிகிறது. அக்காவுக்கு இதைச் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

அக்காவின் மகன் மட்டும் காக்கநாட்டில் வேலை, நேரமில்லை என்று பரிசோதனையைத் தள்ளிக்கொண்டே வருகிறான். மகனே, இதை நீயும் படிப்பாய். இன்றைய நினைவுநாள் சாப்பாடு முடிந்ததும் சித்தி என்னோடு பரிசோதனைக்குப் புறப்படு. ஆட்டோ ஓட்டும் சேட்டனிடம் சொல்லிவிட்டேன்.