கழற்றச் சொன்ன கறுப்புக் கண்ணாடி

பாஸ்டர் பொய் சொன்னார். எங்கள் சபையின் பாஸ்டரைத்தான் சொல்கிறேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி லோடு அடிக்கிறவன் நான். கூடையின் மேலே நல்ல பழத்தை அடுக்கிவிட்டு அடியில் அழுகலை வைத்தால், கொட்டிப் பார்த்து அழுகல் என்று சொல்லித்தான் பழக்கம். அந்தப் பொய்க்குச் சாட்சியாக என் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புக் கண்ணாடி கிடக்கிறது. கண் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொடுப்பார்களே, பக்கவாட்டிலும் மறைப்பு வைத்தது, அதுதான். ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கிறது. என் அத்தையின் கண்ணாடி அது. அப்பாவுக்கு அக்கா.

அத்தை பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டுத் தனியாகப் பிழைத்தவர். புருஷன் இறந்த பிறகு சபைதான் அவருக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பார். கண்ணில் புரை விழுந்து வேதாகமத்தின் எழுத்து மங்கியபோதுகூட, புரண்டுபோன பக்கங்களைத் தடவிப் பார்த்தே இது சங்கீதம், இது யோவான் என்று சொல்வார். வாய் மட்டும் மங்கவே இல்லை. "பக்கத்து வூட்டுக் கன்னுக்குட்டின்னு நெனச்சு மொபெட்ட தட்டிக்குடுத்துட்டு வந்தேண்டா. நல்ல சாதுவா நின்னுச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்து அவர் கண்ணில் கை வைத்து ஜெபித்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அத்தையை வண்டியில் ஏற்றித் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புரையை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏண்டா, இத்தன நரைச்சுப்போயிட்ட, ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டுவிட்டு, கையைக் கூப்பிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவின் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தைக்கு இரண்டும் வேறு வேறு நன்றியாக இருந்ததே இல்லை.

ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்கிறவர்கள் டாக்டர், மாத்திரை, ஆபரேஷன் என்று பேசக்கூடாது. மகிமை முழுவதும் கர்த்தருக்கே போக வேண்டுமாம், மனுஷனுக்குப் பங்கு கொடுக்கக்கூடாதாம். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களும் "கர்த்தர் தொட்டார், காய்ச்சல் போச்சு" என்றுதான் சொல்வார்கள். கேட்கிற எங்களுக்கு ஊசி போட்ட கிளினிக் தெரியும், அதனால் யாருக்கும் அது பொய்யாகப் பட்டதில்லை. அத்தையும் அந்த வழக்கப்படியே எழுந்து நின்று, "மங்கிப்போன கண்ண கர்த்தர் தெறந்தாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். "அந்தக் கண்ணாடியக் கழட்டுங்கம்மா, எடுப்பா இருக்காது." அத்தை கழற்றினார். ஆறாத கண்ணில் நடுப்பகல் வெயில் அடித்தது, தண்ணீராகக் கொட்டியது. அந்தப் படம்தான் கன்வென்ஷன் என்கிற வருஷாந்தர ஜெபக்கூட்டத்தின் நோட்டீசில் வந்தது. கீழே, ஜெபத்தால் பார்வையடைந்த தாயாரின் ஆனந்தக் கண்ணீர் என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அத்தை, "வெயிலுக்கு வந்த தண்ணிடா இது" என்றார். சிரித்தார். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சபைக்குள் சொல்வதைக் கேட்கிறவர்கள் நடந்தது தெரிந்த அக்கம்பக்கத்து ஆட்கள். நோட்டீசோ பஸ் ஏறித் தெரியாதவர்களிடம் போகும். மலைப்பாதையில் சித்தேரிவரை போனது. ஒருநாள் அங்கிருந்து ஒரு அம்மா, மடித்து மடித்து நைந்துபோன நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் விசாரித்து அத்தை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மரவள்ளிக் கட்டு ஏற்றப் போன நானும் அப்போது அங்கே இருந்தேன். அந்த அம்மாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். தினமும் சொட்டு மருந்து விட வேண்டியவர்.

"கூட்டத்துக்கு வந்து ஜெபம் பண்ணிக்கிட்டேனுங்க. அப்பறம் மருந்த நிறுத்திப்போட்டேன். வலது கண்ணு இருட்டிப்போச்சு. உங்களுக்கு எத்தன நாள் கழிச்சுங்க கண்ணு தெரிஞ்சுது?"

அத்தை, "மருந்த எதுக்கம்மா நிறுத்துன?" என்றார்.

"உங்க சாட்சியில மருந்துன்னு ஒரு வார்த்த இல்லீங்களே. சொட்டு மருந்து விட்டா அவிசுவாசம்னு ஆயிராதுங்களா?"

அத்தை எழுந்தார். உள்ளே போய் இந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவந்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். "எனக்கு ஆப்பரேசனம்மா. இத விட்டுப்போட்டு சொல்லிட்டேன்." மூன்று பேரும் என் வண்டியிலேயே தருமபுரிக்குப் போனோம். போன பார்வை திரும்பாது, மருந்து விட்டால் மிச்சக் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார்கள். திரும்பி வரும்போது அந்த அம்மா அழவில்லை. "கர்த்தர் என்மேல கோவமா இருக்காரோன்னு நெனச்சிட்டேனுங்க" என்று மட்டும் சொன்னார். கண் போனதோடு, கடவுளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற எண்ணத்தையும் அந்த நோட்டீசு அந்த அம்மாவுக்குக் கொடுத்திருந்தது.

அன்றிலிருந்து அத்தை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை விடவில்லை. பிறவிக் குருடனின் கதை. இயேசு துப்பிச் சேறு உண்டாக்கி அவன் கண்ணில் பூசுகிறார், குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அத்தை காட்டிய இடத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஜனங்கள் வந்து எப்படிப் பார்வை வந்தது என்று கேட்கும்போது, அவன் சேற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறான். பூசினார், கழுவினேன், பார்க்கிறேன். "அவன் சேத்த வுட்டுட்டா சொன்னான்? சேறு சொன்னா இயேசுவோட மகிம கொறஞ்சிருமா? எனக்கு டாக்டரம்மா கைதாண்டா சேறு." பிறகு அந்தக் கதையில் அவனைப் பெற்றவர்கள், சபையைவிட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, அவனையே கேளுங்கள் என்று நழுவுகிற இடத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

முதலில் அவர் பாஸ்டரிடம் தனியாகத்தான் போனார். நோட்டீசிலிருந்து படத்தை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷனையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டார். பலருடைய விசுவாசம் கெட்டுவிடும் என்றார் பாஸ்டர். அடுத்த கன்வென்ஷனில், அந்தப் பழைய சாட்சியையே சொல்லச் சொல்லி அத்தையை மேடையில் ஏற்றினார்கள். இந்தத் தடவை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறினார். கீழே சிலர் சிரித்தார்கள், "என்னக்கா, சினிமாவுக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. அத்தை மைக்கைப் பிடித்து, "கர்த்தர்தாங்க கண்ணு குடுத்தாரு. டாக்டரம்மா கையால ஆப்பரேசன் பண்ணிக் குடுத்தாரு. மருந்து சாப்புடறவங்க யாரும் நிறுத்திப்போடாதீங்க, சித்தேரியில ஒரு அம்மா..." என்றார். அத்தோடு மைக் நின்றது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாட்டுக்குழுவைக் கையைக் காட்டி ஆரம்பிக்கச் சொன்னவர் யார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து அத்தைக்குக் கிடையாது என்றார்கள். சபையின் சாட்சியைக் கெடுத்தாராம். தவறாகப் பேசிவிட்டேன் என்று எல்லோர் முன்னும் ஒத்துக்கொள்ளும்வரை அப்பமும் ரசமும் இல்லை. அத்தை அப்போதும் முதல் ஆளாக வந்து பாய் விரித்தார். அப்பத்தட்டு வரிசையில் வரும், அவருக்கு முன்னால் வந்ததும் சற்று மேலே தூக்கித் தாண்டிக்கொண்டு அடுத்தவரிடம் போகும். கையை ஏந்தியபடி இருப்பார், பிறகு முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். வா, வேறு சபைக்குப் போகலாம் என்று நான் கத்தினேன். "கதையில அவன வெளிய தள்ளுனதக் கேட்டு இயேசு அவனத் தேடிப் போனாருல்ல? இங்கியே இருந்தா சுலுவா கண்டுபுடிப்பாரு" என்றார்.

படுக்கையில் விழுந்தபோது ஒரே ஒரு ஆசைதான் கேட்டார், ஒரு துண்டு அப்பம். பாஸ்டரிடம் ஆள் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டால் உடனே வருகிறேன் என்று பதில் வந்தது. நானும் அத்தையிடம் கெஞ்சினேன், ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று. "சொன்னா அந்த அம்மாவோட இன்னொரு கண்ணும் போயிரும்டா" என்றார். அப்பம் வராமலேயே இறந்துபோனார். அவரை இயேசு தேடி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருப்பார் என்று நம்புகிறேன். சில நாள் நம்ப முடியவில்லை. தேடி வந்தவரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்களோ என்றும் தோன்றுகிறது.

இந்த வருஷத்துக் கன்வென்ஷன் நோட்டீசை நேற்று பஸ் ஸ்டாண்டில் என் கையில் கொடுத்தார்கள். அத்தை இருக்கிறார். கண்ணாடி இல்லை. வெயிலுக்கு வந்த தண்ணீர் கன்னத்தில் அப்படியே நிற்கிறது. உயிரோடு இருந்தபோது பந்தியில் இடமில்லாதவருக்கு நோட்டீசில் மட்டும் இடம் இருக்கிறது. அதே பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற பஸ் நின்றிருந்தது. ஜன்னல் ஓரம் இருந்தவர்களின் கையிலும் அந்த நோட்டீசு.

பாஸ்டர் ஐயா, தனியாகக் கூப்பிட்டு என்னோடு ஜெபிக்க வேண்டாம். கன்வென்ஷனுக்கு நான் வருவேன், இந்தக் கறுப்புக் கண்ணாடியோடு வருவேன். சித்தேரி அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதே மேடையில், எல்லா ஜனத்துக்கும் முன்னால் சொல்லுங்கள்: என் அத்தை சொன்னதில் எது பொய்? எந்தப் பாவத்துக்காக அப்பத்தட்டை அவர் கைக்குமேல் தூக்கினீர்கள்? மைக்கை அணைக்காமல் பதில் சொல்லுங்கள்.