எலுமிச்சைப் பாத்தியில் ஈரம்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நாடுவிட்டு வந்து, லா சப்பலில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் பதினைந்து வருஷமாக வெங்காயம் வெட்டுகிறவன் நான், கண்ணீர் வந்தால்கூட எதனால் வந்தது என்று தெரிந்தவன். நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி கலாவின் ஒரே தம்பி ரூபன், வன்னியில் மிளகாய்த் தோட்டம் செய்தவன், 2009இல் காணாமல்போனான். நாலு வருஷம் கழித்து கலாவின் அம்மா, என் மாமி, கிளிநொச்சியிலிருந்து அவளுக்குப் போன் எடுத்தா.

"இனியாவது அவனுக்கு அந்தியேட்டி செய்வம் பிள்ளை. நீ ஓம் எண்டாத்தான் செய்வன்."

கலா மாட்டேன் என்றாள். உடலைக் காணாமல் காரியம் செய்தால், உயிரோடு இருக்கிறவனை நாமே கொன்றதாகிவிடும் என்றாள். நான் மாமியின் பக்கம். இரண்டு மாதமாக வீட்டில் இதே சண்டை, அவளுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான்.

அந்த வசந்தத்தில் தெற்கே மொம்பெலியேயில் பெரியபிள்ளையான நண்பன் மகளுக்குச் சாமத்தியவீடு. மறுநாள் ரயிலுக்கு நேரம் கிடந்ததால் அங்கே இருந்த பழைய தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். அதில் ஒரு கிழட்டு மரம், அதன் பொந்துகளில் ஆட்கள் வேண்டுதல் எழுதிய தாள்களைச் செருகியிருந்தார்கள். கலாவும் ரூபனின் பெயரை எழுதிச் செருகினாள்.

"இதென்ன, தபால்பெட்டியோ?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தடியிலேயே இருந்துவிட்டாள்.

நான் தனியே நடந்தேன். நட்டநடுப் பகல், நல்ல வெயில். எலுமிச்சை மரங்கள் நின்ற பாத்தியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றான். யாரோ தோட்டக்காரன் என்று தாண்டிப் போனேன்.

"அத்தான், அக்கா சாப்பிடுறாவோ?"

"எங்கையடா, ஒழுங்காச் சாப்பிடுறேல்லை" என்று சொல்லிக்கொண்டே நாலடி நடந்துவிட்டேன், பிறகுதான் அந்தக் குரல் உறைத்தது. இந்த உலகத்தில் என்னை அத்தான் என்று கூப்பிட்டவன் ரூபன் ஒருவன்தான்.

திரும்பினால் ஆளில்லை. பாத்தி முழுக்க ஈரம். வாய்க்காலின் வாயை மண்ணால் அடைத்து, வெறுங்குதிக்காலால் மிதித்திருந்தது. ஊரில் எங்கள் தோட்டங்களில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறவர்கள் அப்படித்தான் மிதிப்பார்கள். அந்த வழியாக வந்த தோட்டக்காரியிடம் கேட்டேன். குளிர்காலத்தில் நிறுத்திய தண்ணீரை அந்தப் பக்கத்துக்கு இன்னும் திறந்துவிடவில்லை என்றாள். ஈரத்தைக் காட்டினேன், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ரயிலில் கலா தானாகவே பேசினாள்.

"இஞ்சேருங்கோ, அம்மாட்டைச் சொல்லுங்கோ, செய்யட்டும். அந்தத் தாளை வைச்சாப் பிறகு மனசு ஆறிப்போச்சு."

இரண்டு மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் சண்டை பிடித்தேன். இப்போது பாத்தியில் கேட்டதைச் சொன்னால் வாழ்நாள் முழுக்க அவனுக்காகக் காத்திருப்பாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. காரியம் முடிந்தது.

வருஷம் தவறாமல் கலா அவனுக்குப் படைக்கிறாள், இப்போது வயிறாரச் சாப்பிடவும் செய்கிறாள். அந்த இலைக்கு முன்னால் எனக்குத்தான் ஒரு கவளம் இறங்குவதில்லை. செத்தவர்கள் தங்களுக்குத்தான் சாப்பாடு கேட்பார்களாம். அவன் அக்கா சாப்பிடுகிறாளா என்றல்லவா கேட்டான்.