சித்தப்பாவின் அக்கரை

என் சித்தப்பா சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவர். திரையில் உருகுகிற காதலர்களுக்கெல்லாம் வார்த்தை கொடுத்த மனுஷன், வீட்டில் "சாப்பாடு ஆச்சா?" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். அந்தக் கோபத்தில்தான் சித்தி ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து மைசூருக்கு, விஜயநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவின் தங்கை, பிறந்து வளர்ந்ததும் மைசூர்தான். எனக்கு ஏழு வயது. பக்கத்தில் படுத்துக் கதை சொல்ல ஆள் கிடைத்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அழைத்துப்போக வந்தார். அவர் தலையைக் கண்டதுமே சித்தி துணி பக்கெட்டோடு மொட்டை மாடிக்கு ஏறினாள், இறங்கவே இல்லை. அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"கூட்டிட்டுப் போக வந்தவங்க மாடிக்குப் போய் ஒரு வார்த்தை பேசினா என்னவாம்?" என்று அம்மா என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னாள்.

அவரோ, சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டிய ஒரு பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போனில் மெட்டு ஓடும். இவர் 'தன்னன்னானே' என்று கூடவே போவார். ஓரிடத்தில் வார்த்தை கிடைக்காமல் முட்டிக்கொண்டு நிற்பார். திடீரென்று முகம் மலர்ந்து, மாடிவரை கேட்கும் குரலில் பாடினார்.

"அக்கரையில நீ இருக்க, ஆறு எனக்கு எதுக்கு?"

எனக்குத் தமிழ் வீட்டோடு சரி. பள்ளி, விளையாட்டு, சண்டை எல்லாம் கன்னடம். கன்னடத்தில் 'அக்கரெ' என்றால் பாசம், கொஞ்சிக் கொஞ்சி வைக்கிற பாசம். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அக்கரைதான் என்று எனக்கு யார் சொன்னது? 'ஆறு' ஏதோ கணக்குப் போலிருக்கிறது என்று விட்டுவிட்டு, மாடிக்கு ஓடினேன்.

"சித்தி, நீ சித்தப்பாவோட அக்கரெயில இருக்கியாம்!"

கிளிப்பைப் பல்லில் கடித்தபடி நின்றாள். பிறகு எடுத்துவிட்டுக் கேட்டாள். "எழுதினாரா, சொன்னாரா?"

"சொன்னார். பாடிக்கூடக் காட்டினார்."

"ஹௌதா?" என்றாள். சித்திக்குக் கோபம் வந்தால் தமிழ், தணிந்தால் கன்னடம். 'அப்படியா' என்பதை அவள் கன்னடத்தில் கேட்டு மாசக்கணக்காகிவிட்டது.

ஈரக் கையோடு இறங்கி வந்து அவர் எதிரில் நின்றாள். "அக்கரெயில இருக்கேனாமே. எனக்கா சொன்னீங்க?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். மெட்டு ஓடிக்கொண்டிருந்த போனைப் பார்த்தார். அப்பாவின் பேப்பர் கீழே இறங்கியது. அய்யோ, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் போனை அணைத்தார். "ஆமா, உனக்குத்தான்" என்றார்.

அன்று சாயங்கால ரயிலில் சித்தி போய்விட்டாள். கதை போச்சே என்று நான் அழுதேன்.

அடுத்த கோடை லீவில் சென்னை போயிருந்தபோது அந்தப் பாட்டு டிவியில் வந்தது. மெட்டு அதே மெட்டு. ஆனால் அந்த இடத்தில் நிலா, ஜன்னல் என்று வேறு என்னவோ! எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"அக்கரெயை ஏன் எடுத்துட்டீங்க?"

"அதான் ஏற்கெனவே கொடுத்தாச்சே, கண்ணு."

"எந்தக் கம்பெனிக்கு?"

சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த சித்தி சிரித்தாள். இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடாகத் தெரிந்தவள், அன்று மாடியில் அந்த வரியை ஆற்றோடு சேர்த்து முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே எட்டியது! எவனோ ஒரு தயாரிப்பாளன் என் வரியை அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று, அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், வருகிற புதுப் பாட்டையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.