பச்சையே இல்லாத படம்

என் அக்காவை ஸ்டுடியோவில் எல்லோரும் 'கலர்க்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய முதலாளி. அந்த ஆளைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கைபேசிக் கடைக்கு மேல் மாடியில் ஸ்டுடியோ. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, நாலு சுவருக்கும் சாம்பல் பெயிண்ட். அக்கா வேலைக்குப் போகும்போது பளிச்சென்று எதையும் உடுத்த மாட்டாள். அதன் சாயல் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றுமாம். கல்யாணப் படங்களுக்கும், ட்ரோன் பறந்து மேலிருந்து எடுக்கும் வீடியோக்களுக்கும் நிறம் திருத்துவது அவள் வேலை. சின்ன வயதில் நான் வரைந்த படங்களில்கூட வானம் ரொம்ப நீலம் என்று சண்டைக்கு வந்தவள் அவள்.

அந்தத் தொழிலில் 'லட்' என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரிதான். ஏழெட்டு என்றதும் ஐம்பத்தாறு என்று யோசிக்காமல் சொல்கிறோமே, அப்படி இந்த நீலம் வந்தால் அந்தச் சாம்பல், இந்தச் சிவப்பு வந்தால் அந்த ஆரஞ்சு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் விடை எழுதி வைத்த அட்டவணை. ஒரு தடவை செய்துவிட்டால் எத்தனை படத்தின் மேலும் ஒரே சொடுக்கில் போட்டுவிடலாம். படத்தில் இருப்பது மரமா மனிதனா என்று அது பார்க்காது.

முதலாளி எங்கேயோ ஏதோ ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"பச்சையே இருக்கக் கூடாதும்மா. மரம், புல்லு, செடி எல்லாம் காஞ்ச இலை கலர்ல வரணும். அதுதான் இப்போ ஸ்டைல்."

"மரம்னா பச்சையாத்தானே சார் இருக்கும்?"

"பச்சை அவங்க போன்லயே வருது. அதுக்கா நம்மகிட்ட வர்றாங்க?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தாள். ஆனால் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. பச்சையில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் பழுப்பானது, மனிதர்களின் முகம் மட்டும் முகமாகவே இருந்தது. முதலாளி அதற்குச் 'சருகு' என்று பெயர் வைத்தார். ஊரே கொண்டாடியது. ஒரு மணப்பெண்ணின் அம்மா மட்டும் மகளுடைய பச்சை உடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, "இதைச் சேத்துல முக்கி எடுத்தீங்களா?" என்று கத்தினாள். முதலாளி அவளுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். ஆக, அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் நடந்தது என்று யாரும் என்னிடம் வரவேண்டாம்.

அதோடு விட்டாரா? வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று இன்னொரு ஏற்பாடும் செய்தார். ட்ரோனின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகியதுமே வீடியோ முழுக்கச் சருகு தானாக ஏறிவிடும். ஏறி முடிந்ததும் கார்டில் இருக்கும் அசல் அழிந்துவிடும், அடுத்த வேலைக்குக் கார்டு தயார். அக்கா ஒற்றைக் காலில் நின்று சண்டை போட்டாள். "அசல் வேணும் சார். தப்பாப் போனா திரும்பி வர ஒரு இடம் வேணும்" என்றாள். "நீ பண்ணினது எப்படிம்மா தப்பாப் போகும்?" என்று சிரித்தார் அவர். அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. திடீரென்று எழுந்து, "வண்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். அதனால் அக்கா அவருக்குக் கிளிப்பச்சையில் ஒரே மாதிரிச் சட்டைகள் வாங்கி, அதைத் தவிர வேறெதையும் போடவிடவில்லை. எந்தக் கூட்டத்திலும் கண்ணில் படுமே என்றுதான். "என்னைச் சிக்னல்னு நினைச்சியா?" என்று அப்பா முனகுவார், போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் நான் பட்டறைக்குப் போன பிறகு, அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா போய்விட்டார். தெருத்தெருவாகத் தேடினோம். பச்சைச் சட்டை போட்ட பெரியவர் புறவழிச் சாலையைத் தாண்டி முள்ளுக்காட்டுப் பக்கம் நடந்து போனதாக ஒரு லாரிக்காரர் சொன்னார். அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகள். உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது, வெயில் வேறு கொளுத்தியது. அக்கா முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் உடனே ட்ரோன்காரனை அனுப்பினார், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. இருந்த பேட்டரி எல்லாம் தீரும்வரை காடு முழுக்கப் பறக்கவிட்டார்கள். ட்ரோன்காரன் கையிலிருந்த சின்னத் திரையில் வெயில் கூச்சத்தில் எதுவும் பிடிபடவில்லை.

ஸ்டுடியோவின் பெரிய திரையில் அந்த வீடியோவை ஓட்டினார்கள். அக்கா, நான், முதலாளி, ட்ரோன்காரன், ஒரு போலீஸ்காரர். எல்லோரும் பச்சையைத் தேடினோம். புதர், பாறை, மண். மறுபடி புதர். முதலாளி பக்கத்தில் நின்று, "இங்க ஒண்ணுமில்ல, தள்ளு. இங்கயும் ஒண்ணுமில்ல, தள்ளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீடியோ முடிந்ததும் போலீஸ்காரர் எழுந்தார். "இந்தப் பக்கம் இல்லைங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆளை அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா மட்டும் திரையை விட்டு நகரவில்லை. முதலிலிருந்து திரும்பவும் ஓட்டினாள். ட்ரோன் மேலே ஏறும் இடத்தில் புறவழிச் சாலையின் வழிகாட்டிப் பலகை ஒரு ஓரமாகத் தெரிந்தது. அதை அப்படியே நிறுத்தினாள்.

"இந்த போர்டு என்ன கலர்டா?"

"பழுப்பு."

"தினம் அந்த வழியாத்தானே பட்டறைக்குப் போற? அது என்ன கலர்?"

அது பச்சை. காடு காய்ந்து கிடந்த காலம் என்பதால் பழுப்பைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவசரத்தில் ட்ரோன்காரன் வழக்கம்போலக் கார்டைச் சொருகிவிட்டான். சருகு ஏறிவிட்டது, அசல் அழிந்துவிட்டது. பச்சையே வராத ஒரு படத்துக்குள் நாங்கள் பச்சைச் சட்டையைத் தேடியிருக்கிறோம்.

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நான் என்னண்ணே பண்ணுவேன், முதலாளி வச்ச செட்டிங் அது" என்று அழுதுவிடுவான் போல நின்றான். முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு, "அது கலர்க்கா பண்ணின லட்தானே?" என்றார். மேசை மேல் இருந்த எதையாவது எடுத்து அவர் மூஞ்சியில் அடித்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து, "சண்டை அப்புறம். வீட்டுக்குப் போய் அப்பாவோட இன்னொரு சட்டையை எடுத்துட்டு வா, ஓடு" என்றாள்.

போன பச்சை திரும்பி வராது. எத்தனையோ நிறங்களை ஒரே பழுப்பில் போட்டு அடைத்த பிறகு எது எதுவாக இருந்தது என்று பிரிக்க முடியாது. ஆனால் பச்சை எந்தப் பழுப்பாகப் போயிருக்கும் என்று கண்டுபிடிக்கலாம். நான் கொண்டுவந்த சட்டையை மொட்டை மாடி வெயிலில் விரித்துப் படம் எடுத்தாள். அந்தப் படத்தின் மேல் சருகைப் போட்டாள். ஒரு மங்கல் கடுகு நிறம் வந்தது. வீடியோவில் அந்த ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கினாள்.

திரை முழுக்கக் கடுகுப் புள்ளிகள். உயிரோடிருந்த புதர்களும் அதே நிறத்துக்குத்தான் போயிருந்தன. அக்கா புதர் முளைக்க முடியாத இடங்களாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு குவாரிப் பள்ளத்தில், வெறும் பாறை மேல், ஒரு புள்ளி இருந்தது. பெரிதாக்கினாள். புள்ளியிலிருந்து ஒரு கோடு மேலே நீண்டது, மடங்கியது, மறுபடி நீண்டது.

அப்பா கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்து, ஒண்ணுமில்ல தள்ளு என்று தள்ளியிருந்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதற்குள் படியிறங்கிவிட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அவரைத் தூக்கிவிட்டோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது, உயிர் இருந்தது. இன்னும் முன்னாலேயே போயிருந்தால் சிறுநீரகம் இவ்வளவு கெட்டிருக்காது என்று டாக்டர் சொன்னார். வெயிலில் வீணாய்ப்போன அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

மறுவாரம் முதலாளி ஆப்பிளோடு வந்தார். உட்கார்ந்தும் உட்காராமலும், "அந்த வீடியோவைப் போட்டு ஒரு சின்ன விளம்பரம் பண்ணலாமாம்மா? கடைசியில நம்ம ட்ரோன்தானே கண்டுபிடிச்சது?" என்றார். அப்பா படுக்கையிலிருந்து அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்துச்சு தம்பி. தலைக்கு மேலயே நின்னுச்சு. கத்தினேன், கை காட்டினேன். பார்த்துட்டுப் போயிடுச்சு. ஏன் போச்சு?"

முதலாளி அக்காவைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். அப்பா கேக்குறாருல்ல" என்றாள் அக்கா.

அவர் வாட்சைப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார். அக்கா அதற்குப் பிறகு அந்த மாடிக்கு ஏறவில்லை. சருகு மட்டும் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நடை போய்விட்டது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில்லை, என் பெயர் சில நாள் நினைவில்லை. அந்தப் பாறை மட்டும் நினைவிருக்கிறது. தினமும் அக்காவைக் கூப்பிட்டு, முதல் தடவை கேட்பது போலவே கேட்கிறார், மேலே வந்தது ஏன் பார்த்துவிட்டுப் போனது என்று.

முதலாளியைச் சொல்லேன், அந்த செட்டிங்கைச் சொல்லேன் என்று நான் பல்லைக் கடிக்கிறேன். அவள் கேட்பதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அதையே சொல்கிறாள்.

"நான்தான்ப்பா. பார்த்தேன், உங்களைத் தெரியல."

அப்பா அவள் தலையில் கை வைக்கிறார். "போனாப் போகுது, அழாத" என்கிறார். மறுநாள் மறுபடி கேட்கிறார்.