ஓடை வாயும் மாசித் தண்ணீரும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் என் நாத்தனார் விட்டுப் போன பிள்ளைகள். ஏழு பேரில் ஒருவரும் பசியோடு படுத்ததில்லை. இதை முதலில் எழுதி வைத்துவிட்டேன், மற்றது மெல்ல வரட்டும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடித்துவிடலாம். அவசரம் யாருக்கு?

ரங்கூன் ஆற்றில் நான் வலை கட்டிய முதல் மாசி மாதத்தைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் எழுதச் சொன்னார்கள். அப்போது எனக்கு இருபத்தாறோ ஏழோ. இங்கிலீஷ் வருஷத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தை ஒட்டி இருக்கும் என்று என் மூத்தவன் சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும், அரைஞாண் கட்டிக்கொண்டு சேற்றில் உருண்டவன்.

நாங்கள் டாலாவில் இருந்தோம். ஆற்றுக்கு அக்கரை ரங்கூன், இக்கரை டாலா. என் வீட்டுக்காரர் அங்கே கப்பல் பட்டறையில் ஆணி அடிக்கிற வேலையில் இருந்தார். வயல்காட்டு மனிதர், நீந்தத் தெரியாது. என் அப்பா நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலுக்குப் போனவர், எனக்கு வலை பின்னத் தெரிந்த பிறகுதான் கோலம் போடவே தெரியும். அந்த வருஷம் மழைக்காலத்தில் பட்டறையில் ஒரு இரும்புத் தகடு என் வீட்டுக்காரரின் இடது பாதத்தில் விழுந்துவிட்டது. பாதம் நசுங்கிப்போனது. பட்டறையில் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"ஊருக்குப் போயிடலாம், கப்பலுக்குச் சொல்லட்டுமா?" என்று அவர் கேட்டார்.

ஊரில் என்ன இருந்தது? அவருடைய அண்ணன்மார் வயல். அண்ணிமார் வாசலில் நான் சாணி அள்ளணும். கையில் அப்போது மூன்று பிள்ளைகள். "ஆறு இருக்கு, நான் இருக்கேன். தை மாசிக்குப் பிறகு பேசுங்க" என்றேன்.

டாலாவுக்குத் தெற்கே ஒரு ஓடை வந்து ஆற்றில் விழும். அந்த வாயில் வலை கட்டி வந்த பர்மாக்காரர் மாவ்பி என்கிற ஊரில் மகள் வீட்டோடு நெல் பயிரிடப் போய்விட்டார். இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் கரைக்கு ஒரு பெரியவர் உண்டு. ஊஜீ என்று கூப்பிடுவோம், பெரியப்பா என்கிற மாதிரி. யார் எங்கே கம்பு நடுவது என்பதெல்லாம் அவர் வாக்கு. போய்க் கேட்டேன். சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

"நடு. மாசிப் பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் வரைக்கும் உனக்குத் தவணை. அதற்குள் வலை தூக்கி மீன் காட்டினால் வாய் உனக்கு. காட்டாவிட்டால் அடுத்தவருக்கு."

அது எனக்கென்று சொன்ன சட்டமில்லை, அந்தக் கரையில் எல்லோருக்கும் அதுதான். அடுத்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். என் இடத்தை ஒட்டி வலை கட்டுகிற பர்மாக்காரி, நாக்கில் மிளகாய் தடவிப் பிறந்தவள், தன் தம்பிக்காக அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த வாய் போனால் கப்பல்தான்.

மழைக்காலம் முழுக்க நூல் முறுக்கி வலை பின்னி வைத்திருந்தேன். தை பிறந்ததிலிருந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மார்கழியில், தை முதலில் இங்கே மீன் கரைக்கு வராது. வாடைக்காற்று ஆற்றோடு இறங்கி வரும். காலையில் மூடுபனி, துடுப்பின் நுனி தெரியாது, கப்பல்கள் ஊதிக்கொண்டே கிடக்கும். தண்ணீர் குளிர்ந்து, உப்பில்லாமல் சப்பென்றிருக்கும். மீன் ஆழத்தில் கிடக்கும். தினம் விடிந்ததும் போய் விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு ஓரத்தில் ஒரு சுருக். பிறகு நோயாளிக் கஞ்சிக்குப் போடுகிற அளவு உப்பு. மழைத் தண்ணீர் மேலே குறையக் குறைய கடல் ஏறி வருகிறது என்று அர்த்தம். உப்பு ஏறினால் அதன் பின்னாலேயே மடவை மீன் வரும். மடவையைத் துரத்திக்கொண்டு கொடுவா வரும். காலா மீனும் வரும். இறால் எல்லோருக்கும் கடைசியில், சாவகாசமாக வரும்.

கரையும் சொல்லும். தை கடைசியில் சிவப்பு இலவம் பூ தண்ணீரில் மிதந்து போகும். சேற்றில் தத்துகிற மீன் பொந்தைவிட்டு வெளியே வந்து வெயில் காயும். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே பனி விலகி, அக்கரையில் பெரிய பயா, அவர்கள் புத்தர் கோயில், பொன்னாகத் தெரியும். அட்டமி நவமியில் ஓட்டம் சோம்பலாக இருக்கும், தண்ணீர் தெளியும், கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் தெரியும். அன்றைக்கு வலை கட்டிப் பயனில்லை, மடவை கண்ணியைப் பார்த்துத் தாண்டிப் போய்விடும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகம், தண்ணீர் கேப்பைக்கூழ் மாதிரி. மீனுக்குக் கண் தெரியாத நாள்தான் நமக்கு நாள்.

இவ்வளவு பார்த்தேனே, பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் கடலில் தண்ணீர் ஏறுவது இரண்டு சாண். அப்பா ஒரு வேளை வலையைக் கட்டிவிட்டு மறுவேளை போய் எடுப்பார், நடுவில் கடல் இருந்த இடத்திலேயே இருக்கும். ரங்கூன் ஆறு அப்படியா? மாடி வீட்டு உயரம் ஏறி, மாடி வீட்டு உயரம் இறங்குகிற தண்ணீர். அதைத் தினம் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் கை அப்பாவின் கை. தை அமாவாசை அன்று உச்சி வேளையில், தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்ததும், ஓடை வாயில் வில் மாதிரி வளைத்து நாற்பது கம்பு நட்டேன். வலையைத் தலை முதல் கால் வரை விறைப்பாகக் கட்டி, அடிக்கயிற்றைச் சேற்றில் முளையடித்து இறக்கினேன். அழகாக இருந்தது. மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

பக்கத்து இடத்துக்காரி தன் வலையைச் சுருட்டிக் கம்பின் காலடியில் சேற்றில் புதைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய் கலாமா!" இந்தியக்காரப் பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கதவைச் சாத்திவிட்டு விருந்தாளியைக் கூப்பிடுகிறாயா?"

"உன் வலை செத்துப்போச்சா, புதைக்கிறே?" என்றேன் நான், தெரிந்த பர்மாவில்.

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தண்ணீர் திரும்பியது. முதலில் சேற்றில் ஒரு நுரைக்கோடு. பிறகு முழங்கால். பிறகு ஆறு மொத்தமும் என் வலைமேல் தோளைக் கொடுத்துத் தள்ளியது. வலை வயிறு வைத்தது. கம்புகள் ஓடைப் பக்கம் வளைந்தன. ஏறுகிற தண்ணீரோடு ஒரு தேக்குத் துண்டு வந்து இடித்தது, அவ்வளவுதான். பட் பட்டென்று முறிந்து, புடவையை உருவின மாதிரி வலை போய்விட்டது.

அவர்கள் செய்வது அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் வற்றின வேளையில் வலையைப் புதைத்து வைத்தால் ஏறுகிற தண்ணீர் மீனோடு அதன்மேல் தாராளமாக உள்ளே போகும். தண்ணீர் நிறைந்து, மேலும் போகாமல் கீழும் வராமல் நிற்கிற நேரத்தில் படகில் போய்த் தலைக்கயிற்றை இழுத்துக் கம்பின் உச்சியில் மாட்ட வேண்டும். தண்ணீர் வடியும், மீன் நிற்கும். விருந்தாளி உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்துவது. அவள் சொன்னது கேலி மட்டுமில்லை, பாடம். எனக்குத்தான் காது அடைத்திருந்தது.

பாதி வலை மேலே படகுத்துறைக் காலில் சுற்றிக்கொண்டு கிடைத்தது. மிச்சத்துக்கு மறுபடி நூல். வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது கப்பலுக்குச் சொல்லட்டுமா?"

"முதல்ல இந்த முடிச்சைப் போடுங்க."

போட்டார். பார்த்துவிட்டு அவிழ்த்தேன். "இது வலைங்க, மாடு கட்டுற கயிறு இல்லே."

"மாடாவது சொன்னா நிக்கும்" என்று முணுமுணுத்தார். ஆனால் இரண்டு வாரத்தில் நல்ல முடிச்சுப் போட்டார், அதையும் சொல்ல வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் வலையைக் காய்ச்சி எடுத்தோம். கம்புகளை இந்த முறை இரண்டு முழம் கூடுதலாக இறக்கினேன்.

பழுது பார்த்ததில் பௌர்ணமியே வந்துவிட்டது. அன்றும் மறுநாளும் கம்பு நடவே சரியாக இருந்தது. மிச்சம் ஒரே நாள், மூன்றாம் நாள். முந்தின நாள் உச்சி வேளையில் தண்ணீர் வற்றியதும் வலையைப் புதைத்தேன். தண்ணீர் காலை ஆறு மணியை ஒட்டி நிறையும்.

விடியற்காலையில் சம்பான் படகில் உட்கார்ந்தோம். அவரைப் படகின் கட்டையோடு வேட்டியால் கட்டினேன்.

"விழுந்துட்டேன்னா?"

"விழுந்தா வலைக்குள்ளேதான் விழுவீங்க. மீனோட சேர்த்து எடுத்துக்கறேன்."

கரையில் எல்லோரும் அவரவர் படகில் காத்திருந்தார்கள். ஊஜீ தன் படகில், கையில் பித்தளை மணியோடு. அவருடைய கம்பில் ஒரு வெட்டு இருக்கும். அந்தப் பட்சத்துத் தண்ணீர் எவ்வளவு உயரும் என்று பார்த்து வெட்டியது. தண்ணீர் வெட்டைத் தொட்டதும் மணி அடிப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்குவார்கள். ஒருவர் முந்தினால் மீன் மிரண்டு மற்றவருக்குக் கெட்டுப்போகும். அதற்காக அந்த ஏற்பாடு.

அன்று காற்று திரும்பியிருந்தது. இரண்டு மாதமாக முதுகில் அடித்த வாடை இல்லை, முகத்தில் தெற்கிலிருந்து வெதுவெதுவென்று அடித்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். நெல் ஆலைகள் ஓடுகிற காலம், ஆற்றில் எப்போதும் உமி மிதக்கும். உமி மேல்நோக்கிப் போனால் தண்ணீர் ஏறுகிறது, கீழ்நோக்கிப் போனால் வடிகிறது, நின்றால் நிற்கிறது. என் கம்புகளைத் தாண்டி உமி மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, விறுவிறுவென்று.

மணி அடித்தது.

வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் கயிறு இழுக்கிற சத்தம். நான் கயிற்றைக் கையில் பிடித்தேன். இழுக்கவில்லை.

"மணி அடிச்சாச்சு, தூக்கு!" என்றார் வீட்டுக்காரர்.

"உமி இன்னும் மேலே போகுது."

"ஊஜீ அடிச்சுட்டார்டி!"

"அவர் வெட்டைப் பார்த்து அடிச்சார். தெக்குக் காத்து கடலைச் சேர்த்துத் தள்ளுது, தண்ணி வெட்டைச் சீக்கிரமே தொட்டுடுச்சு. இன்னும் ஏறும். இப்பத் தூக்கினா அமாவாசையிலே ஆனதுதான் ஆகும்."

"தப்பாப் போச்சுன்னா இடம் போயிடும்."

"தெரியும். துடுப்பைப் பிடிங்க."

பக்கத்து இடத்துக்காரி கத்தினாள், "கலாமா, தூங்கிவிட்டாயா? என் தம்பியைக் கூப்பிடவா?" நான் திரும்பவில்லை. ஊஜீ இரண்டாம் முறை அடித்தார். அது எனக்கென்றே அடித்தது. ஈரக் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். ஒரே ஒரு உமிக்கொத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். போயிற்று. மெதுவாகப் போயிற்று. ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் நடுவில் தயங்கியது. நின்றது.

"போங்க!" என்றேன்.

அவர் துடுப்புப் போட, நான் ஒவ்வொரு கம்பாகத் தலைக்கயிற்றை ஏற்றி மாட்டினேன். நாற்பதாவது கம்பில் மாட்டும்போது உமி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது.

வடிய வடியத் தெரிந்தது. முதலில் மடவை, வலை ஓரத்தில் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது. பிறகு என் கை நீளத்துக்குக் கொடுவா மூன்று, சேற்றை அடித்துக்கொண்டு. அப்புறம் காலா. உச்சி வேளைக்குள் அள்ளாவிட்டால் கழுகு கொத்தும், வெயில் கெடுக்கும். எனக்கோ இரண்டு கை.

மற்றவர்கள் வலைகள் சிலவற்றில் ஏறுகிற தண்ணீரில் அடிக்கயிறு பிடுங்கிக்கொண்டு, மீன் அடியோடு நழுவிப் போயிருந்தது. பக்கத்து இடத்துக்காரிக்கும் பாதிதான். இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்து நின்றாள்.

"காது கேட்காதா உனக்கு? மணி அடித்தது."

"எனக்குக் கேட்டது. உமிக்குக் கேட்கலையே" என்றேன். "நின்னு பார்க்காதே, கூடையை எடுத்துக்கிட்டு வா. அள்ளுறதுல நாலுல ஒண்ணு உனக்கு."

"உன் மடவை எல்லாம் முள்" என்றாள். ஆனால் வந்தாள். என்னைவிட வேகமாக அள்ளினாள்.

ஊஜீ லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் மெல்ல நடந்து வந்தார். மீனைப் பார்த்தார். தன் கம்பு இருந்த பக்கம் திரும்பி, வெட்டுக்கு மேலே ஒரு சாண் ஈரம் படிந்திருந்ததைப் பார்த்தார். என் கம்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

"இது சாய்கிறது" என்றார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு. "வாயை வைத்திருப்பவள் கம்பைப் பார்க்க வேண்டாமா? அடுத்த தண்ணீருக்குள் நிமிர்த்து."

அவ்வளவுதான் அவர் தீர்ப்பு. என் வீட்டுக்காரருக்குப் பர்மா சரியாகப் புரியாது. "என்ன திட்டுறார்?" என்று படகிலிருந்து கேட்டார்.

"திட்டலைங்க. கப்பலுக்குச் சொல்ல வேண்டாம்னு சொல்றார்."

மீனைக் கரையேற்றிவிட்டு, சோறுகூடத் தின்னாமல் திரும்பி இறங்கி அந்தக் கம்பைப் பிடுங்கி, நேராக, இன்னும் ஆழமாக நட்டேன். இடுப்புவரை சேறு. தண்ணீர் திரும்பிவிட்டது, நுரைக்கோடு வந்து என் காலைத் தொட்டபோது வேலை முடிந்திருந்தது.

எழுதி முடித்துவிட்டேன். பேரப்பிள்ளே, இங்கே வா. நீ பர்மாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கோயில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்து மறந்திருக்காது என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், பேனாவை எடுக்காதே. என் கண்ணுக்கு வரி ஒன்றோடொன்று ஏறிக்கொள்கிறது. நான் நினைத்ததுதான் தாளில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியணும். அவசரப்படாமல், சத்தமாக, முதலில் இருந்து வாசி.