மாமியாரை அனுப்பிப் பார்த்த புரோக்கர் கம்பெனி

மயிலாப்பூரில் பங்கும் கம்பெனி டெபாசிட்டும் வாங்கித் தரும் ஏஜெண்ட் நான். எந்தப் புரோக்கர் கம்பெனியோடு சேர்வது என்று ரொம்ப நாளாகக் குழப்பம். கேட்டால் எல்லோரும், “எங்க ஆபீஸ்ல டெலிபோன் இருக்கு சார்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது அதுவல்ல. வருகிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரியணும்.

அதனால் இன்று காலை தி.நகரில் ஒரு கம்பெனிக்கு என் மாமியாரை, பணம் போட வந்தவர் மாதிரி அனுப்பிவிட்டு, எதிர் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து சிரித்துக்கொண்டே வந்தார்.

“எப்படி நடத்தினா?”

“ரொம்ப மரியாதை, மாப்பிள்ளை. நஷ்டம் வந்தா என்ன ஆகும்னு கேட்டேன். அதையும் மறைக்காம சொன்னா.”

“அப்ப நான் சேந்துடறேன்.”

மாமியார் தயங்கினார்.

“இவ்வளவு விவரமா கேக்கறேளே, நீங்களே எங்க ஏஜெண்டா இருங்கோன்னா. மயிலாப்பூருக்கு ஒருத்தர் போதுமாம். நான் சரின்னுட்டேன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு மாமியிடம் டெபாசிட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அடையாறில் இன்னொரு கம்பெனி இருக்கிறது. அதிகம் பேசாத மாமியார் யார் வீட்டிலாவது இருந்தால், ஒருநாள் இரவல் தருவீர்களா?